இன்பம்: காரைக்குடிப் பந்தியில் எழுந்த கேள்விகளும் விடைகளும்

செட்டிநாட்டு ஊர்களில் சில ஆண்டுகளாக இன்பத்தின் அறிவியலையும் தத்துவத்தையும் பற்றிப் பேசிவருகிறேன். அரங்கில் எவரும் அதிகம் கேட்பதில்லை. பேச்சு முடிந்து இலை போட்ட பிறகே கேள்விகள் வரத் தொடங்குகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எங்கே போனாலும் ஏறத்தாழ அதே கேள்விகள்தாம். சாப்பாட்டுக்கு நடுவே சொன்ன விடைகள் அரைகுறையாகவே இருந்ததால், அவற்றை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

இன்பம், மகிழ்ச்சி, சுகம், உவகை எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றாகப் புழங்குகின்றன. ஆராயும்போது பிரித்தாக வேண்டும். 'என் வாழ்க்கை குறையில்லாமல் போகிறது' என்பது யோசித்துச் சொல்லும் மதிப்பீடு. இன்பமோ யோசிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது: சித்திரை வெயிலில் நடந்து வந்தவர் ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் வெறுங்காலை வைத்த கணத்தில் உள்ளங்காலில் ஏறும் குளிர்ச்சி அப்படிப்பட்டது. இந்தப் பக்கத்தில் இன்பம் என்று நான் சொல்வது உணரப்படும் அந்தக் கணத்தையே.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டில் இறுதியாக உவகையை வைத்து, அது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கிலிருந்து பிறக்கிறது என்கிறது. இந்த நான்கில் ஆய்வுக்கூடங்கள் மிகுதியாக ஆராய்ந்திருப்பது புலனைத்தான், அதிலும் குறிப்பாக நாவின் சுவையைத்தான். எலியின் நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரை நீர் விட்டுப் பார்ப்பது எளிது. பல்லாங்குழி ஆடும் இரண்டு ஆச்சிமார்களின் உவகையை அளப்பது அவ்வளவு எளிதன்று. அறிவியல் சொல்லும் எதையும் இந்த வரம்பை நினைவில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

மூளையில் 'இன்ப மையம்' ஒன்று இருக்கிறதாமே?

அந்தப் பேச்சு 1954இல் தொடங்கியது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகிய இருவரும் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்முனையைச் செருகி, எலி தானே ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே சிறிது மின்சாரம் பாயும்படி அமைத்தார்கள். எலி அழுத்தியது, பிறகு விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்தின. 'இன்ப மையம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது' என்று உலகம் முடிவு கட்டியது.

அந்த முடிவில் ஓர் ஓட்டை இருந்தது. எலி அழுத்தியதை நாம் பார்த்தோம். அது இன்புற்றதை நாம் பார்க்கவில்லை. ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர் அதில் இன்பம் காண்கிறார் என்று நாம் எளிதாக முடிவு செய்துவிடுகிறோம். நள்ளிரவு வரை கைப்பேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, 'என்னத்தைப் பார்த்தோம்' என்று அலுத்துக்கொண்டு படுக்கிறவருக்கு அந்த முடிவு தவறு என்பது தெரிந்திருக்கும்.

டோபமைன்தான் இன்பத்தைத் தருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. மிகுதியாகப் பரவியிருக்கும் பிழையும் இதுவே. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். டோபமைன் என்பது மூளையில் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்த உதவும் ஒரு வேதிப்பொருள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறத்தாழ முழுவதுமாக அழித்துப் பார்த்தார். அந்த எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை; யாரும் ஊட்டாவிட்டால் உணவுக்கு நடுவிலேயே பட்டினி கிடந்து இறந்துவிடும் நிலையில் இருந்தன. ஆனால் இனிப்பு நீரை வாயில் விட்டபோது, நலமாக உள்ள எலிகளைப் போலவே நாக்கை நீட்டி உதட்டை நக்கின. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைத்தால் அதன் முகத்தில் தோன்றுவதும் இதற்கு இணையான குறியே. வேட்கை அழிந்த பிறகும் சுவை அழியாமல் நின்றது. இதிலிருந்து பெர்ரிட்ஜும் அவருடைய உடனாய்வாளர் டெரி ராபின்சனும் வேண்டுவதும் துய்ப்பதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்ற கொள்கைக்கு வந்தார்கள்.

டோபமைன் செய்யும் வேலை என்ன என்பதற்கு வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள் ஒரு விடை தருகின்றன. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகியதும், துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது; சாறு வரும்போது புதிதாக ஒன்றும் நிகழவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அணுக்கள் கணக்கிட்டுக்கொண்டிருந்தன. நம் ஊர்ப் பெட்டியடிகளில் கணக்குப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: வரவு எவ்வளவு என்பது மட்டும் அங்கே முக்கியமில்லை, மதிப்பிட்டதை விடக் கூடியதா குறைந்ததா என்பதே முக்கியம்.

மனிதரிடமும் சான்று உண்டு. பார்க்கின்சன் நோய்க்காக டோபமைனைப் போல வேலை செய்யும் மருந்துகளை உட்கொள்ளும் சிலருக்கு, அதுவரை இல்லாத சூதாட்ட வெறியோ பொருள் வாங்கிக் குவிக்கும் வெறியோ தோன்றுகிறது. அதில் பெரிய இன்பம் கிடைப்பதாக அவர்கள் சொல்வதில்லை. வேண்டும் என்ற உந்துதலை மட்டும் அவர்களால் அடக்க முடிவதில்லை. மருத்துவர் மருந்தைக் குறைக்கும்போது அது பெரும்பாலும் தணிகிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு நம் வீடுகளின் சாமான் அறை நினைவுக்கு வரும். திருமணத்தில் பரப்பி வைத்துக் காட்டிய பித்தளையும் வெங்கலமும் பீங்கானும் மறுநாளே உள்ளே போய், இரண்டு தலைமுறை பூட்டிலேயே இருந்துவிட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வெளிவருகின்றன. ஆசைப்பட்ட அளவுக்குத் துய்க்கப்படாத பொருள்களுக்கு அதைவிடப் பெரிய காட்சிச்சாலையை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் துய்க்கும் இன்பம் மூளையில் எங்கே பிறக்கிறது?

சிறுசிறு இடங்களில் பிறக்கிறது. எலியில் அத்தகைய இடம் ஒன்று ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர் அளவே. அங்கே ஓபியாய்டு என்னும் வகையைச் சேர்ந்த, உடலே சுரக்கும் வேதிப்பொருள்கள் வேலை செய்கின்றன. வேட்கைக்கு உரிய வலையமைப்போ பரந்தது, வலியது. பெரிய வாய்க்காலில் ஆசை ஓடுகிறது, சிறிய ஊற்றில் இன்பம் கசிகிறது என்று எளிமையாகச் சொல்லலாம்.

மிளகாய் நாவை எரிக்கிறது. அதையே விரும்பி உண்கிறோம். இது எப்படி?

முதலில் ஊர் மானத்தைக் காக்கும் ஒரு திருத்தம். 'செட்டிநாடு' என்று பலகை மாட்டிய உணவகங்கள் கொடுக்கும் எரிச்சலுக்கும் நம் வீட்டுச் சமையலுக்கும் தொடர்பு குறைவு. வீட்டில் மிளகும் சோம்பும் கல்பாசியும் அளவோடு நிற்கும். மிளகாய் மற்றவற்றை அமுக்காது. மிளகாயே 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த விருந்தாளி. அதற்கு முன் தமிழருக்குக் காரம் என்றால் மிளகு.

இனி அறிவியல். மிளகாயில் உள்ள கேப்சைசின் நாக்கில் எதையும் சுடுவதில்லை. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்காக நரம்பில் அமைந்த டிஆர்பிவி1 என்னும் ஏற்பியைப் போய் அது திறந்துவிடுகிறது. 'நெருப்பு' என்ற பொய்ச் செய்தி மூளைக்குப் போகிறது. 1997இல் இந்த ஏற்பியை இனங்கண்ட டேவிட் ஜூலியசுக்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, ஆர்டெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது. மிளகின் பைப்பரினும் அதே கதவைத்தான் தட்டுகிறது. பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்கு அசைவதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்றுவிட்டு நிம்மதியாகப் பறந்துபோவது அதனால்தான்.

வலி எப்படி இன்பமாகிறது என்பதைப் பால் ரோசின் என்ற உளவியலாளர் மெக்சிகோவின் ஒரு சிற்றூரில் ஆராய்ந்தார். அங்குள்ள பன்றிகளும் நாய்களும் மிளகாய் கலந்த மிச்சத்தை நாள்தோறும் தின்றும், தேர்ந்துகொள்ள வாய்ப்புக் கிடைத்தபோது காரமில்லாததையே தேர்ந்தன. குழந்தைகளோ வற்புறுத்தல் இல்லாமல், பெரியவர்கள் உண்பதைப் பார்த்துப் பார்த்தே விரும்பக் கற்றுக்கொண்டார்கள். உடல் 'ஆபத்து' என்று கூவும்போது, ஆபத்து இல்லை என்று மனம் அறிந்திருக்கிறது. அந்த அறிவே இன்பமாகிறது என்பது ரோசினின் விளக்கம். இராட்டினத்தில் அலறுவதற்கும் சோகப் படத்துக்குக் காசு கொடுத்துப் போய் அழுவதற்கும் இதே விளக்கம் பொருந்தும். எனக்கு இதில் ஒரு சிறு கருத்து வேறுபாடு உண்டு: மனத்தின் தேர்ச்சி மட்டுமில்லை, உடன் உண்பவர்களும் இதில் பங்குதாரர்கள். தனியே அறையில் உட்கார்ந்து மிளகுக்கோழி தின்று கண்ணீர் விடுகிறவரை விட, பந்தியில் நால்வரோடு சேர்ந்து மூக்கை உறிஞ்சுகிறவர் முகத்தில் தெளிவு அதிகம்.

வயிறு நிறைந்துவிட்டது என்று கையை மடக்கிய பிறகும் பாயசம் உள்ளே போகிறதே?

நிறைந்தது வயிறு மட்டுமில்லை. அந்தந்தச் சுவையும் தனித்தனியே நிறைகிறது. பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துக் காட்டினார்கள்: உண்ட பண்டத்தின் இனிமை மட்டும் சரிகிறது, உண்ணாத பண்டத்தின் இனிமை ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. இலையில் பதினைந்து வகை வைப்பதால் உபசாரம் சிறக்கிறது. அளவு மீறுவதற்கும் அதுவே வழி செய்கிறது. 'உணலினும் உண்டது அறல்இனிது' என்று வள்ளுவர் ஊடலுக்கு உவமை சொன்னார். உண்பதை விட உண்டது செரிப்பது இனிது என்ற அந்த அடியை நம் பந்தி முடிவில் எழுதி ஒட்டலாம்.

அரண்மனை போல வீடு கட்டியவர்கள் அந்த இன்பத்திலேயே வாழ்ந்தார்களா?

1978இல் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள்: பரிசுச்சீட்டில் பெரும்பணம் வென்றவர்களும் விபத்தில் உடல் செயலிழந்தவர்களும் கடைசியில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிட்டார்கள் என்று. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. வென்றவர் 22 பேர்; அவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தது. விபத்துக்கு உள்ளானவர்களோ தாழ்ந்த நிலையையே தெரிவித்தார்கள். பின்னர் சுவீடனில் பரிசுச்சீட்டு வென்றவர்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்து 2020இல் வெளியான ஆய்வு, வாழ்க்கை நிறைவு பத்தாண்டு கடந்தும் உயர்ந்தே இருந்தது என்றும், அன்றாட மகிழ்ச்சியில் விளைவு சிறிதே என்றும் கண்டது. பணத்தால் பயனில்லை என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாது. பணத்தால் ஒவ்வொரு கணமும் இனிக்கும் என்றும் நம்ப முடியாது.

வீட்டுக்கு வருவோம். பர்மாத் தேக்குத் தூணும், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து கண்ணாடியாக இழைத்த சுவரும் அங்கேயே வளர்ந்தவர் கண்ணில் ஒரு மாதத்தில் மறைந்துவிடும். ஆனால் ஆண்டுக்கொரு முறை முன்னோருக்கான படைப்புக்கோ திருமணத்துக்கோ சிங்கப்பூரிலிருந்து வந்து முகப்பில் காலடி வைக்கும் பேத்திக்கு அந்தத் தூண் புதிதாகவே இருக்கிறது. வீட்டின் இன்பத்தை அதில் குடியிருக்கிறவரை விட அதை விட்டுப் போனவரே அதிகம் பெறுகிறார். 'ஐயா, இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தீர்கள்?' என்று அவள் கேட்கும்போது கிழவர் தூணை நிமிர்ந்து பார்ப்பார்.

நடந்தபோது துன்பமாக இருந்த பழனிப் பாதயாத்திரை, நினைக்கும்போது ஏன் இனிக்கிறது?

துய்க்கும் நானும் நினைக்கும் நானும் வேறு என்று உளவியலாளர் டேனியல் கானமன் பிரித்துக் காட்டினார். 1993இல் வெளியான அவரது சோதனையில், பங்கேற்றவர்கள் 14 பாகைக் குளிர்நீரில் ஒரு முறை 60 நொடி கையை வைத்திருந்தார்கள். மற்றொரு முறை அதே 60 நொடிக்குப் பிறகு, நீர் மெல்ல 15 பாகைக்கு ஏறிய இன்னும் 30 நொடி வைத்திருந்தார்கள். எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். மொத்த வலி அதில் அதிகம். முடிவு மட்டும் சற்று இதமானது. நினைவு, உச்சத்தையும் முடிவையும் எடுத்துக்கொண்டு கால அளவைக் கைவிட்டுவிடுகிறது.

கால் கொப்புளத்தோடு காவடி சுமந்து பல நாள் நடந்தவருக்கு முடிவில் பழனி மலை இருக்கிறது. இதை வைத்துப் பக்தியை விளக்கிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. நினைவு எந்தப் பகுதியைத் தேர்ந்து வைத்துக்கொள்கிறது என்பதைத்தான் சொன்னேன்.

எபிகியூரஸ் என்ற கிரேக்கர் 'உண்டு களித்திரு' என்று போதித்தவரா?

அவர் பகைவர்கள் அப்படிப் பரப்பினார்கள். கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த எபிகியூரஸ், ஏதென்சில் ஒரு தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் உட்பட்ட தோழர் கூட்டத்தோடு எளிமையாக வாழ்ந்தார். நினைத்தபோது விருந்துண்ண ஒரு சிறு கலயம் பாலாடைக்கட்டி அனுப்பும்படி அவர் ஒரு நண்பருக்கு எழுதியதுதான் அவருடைய ஆடம்பரம். தாகம் தீரும் போது வரும் இன்பத்தை விட, தாகமே இல்லாதிருக்கும் நிலையின் இன்பம் உயர்ந்தது என்பது அவர் கொள்கை. மனக்கலக்கம் இல்லாமையே அவருக்கு இன்பத்தின் எல்லை.

இன்பத்தை ஐந்தொகை போட்டுப் பார்க்க முடியுமா?

தேவகோட்டையில் ஒரு பெரியவர் கேட்டது இது. போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு: ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம். 1789இல் வெளியிட்ட நூலில் இன்பத்தை அளக்க ஏழு தலைப்புகள் கொடுத்தார்: தீவிரம், கால அளவு, உறுதி, அண்மை, மேலும் இன்பம் ஈனும் தன்மை, துன்பக் கலப்பின்மை, எத்தனை பேருக்குப் பரவுகிறது என்பது. அவர் மரபிலேயே வந்த ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் இந்தப் பேரேட்டில் ஒரு திருத்தம் செய்தார்: இன்பங்கள் அளவில் மட்டுமின்றித் தரத்திலும் வேறுபடுகின்றன, நிறைவுற்ற பன்றியாக இருப்பதை விட நிறைவுறாத மனிதனாக இருப்பது மேல் என்றார். ஒரே நாணயத்தில் எழுத முடியாத கணக்கை எப்படிக் கூட்டுவது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது, இன்றுவரை தீரவில்லை.

1974இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் இன்னொரு கேள்வியை வைத்தார். விரும்பிய அனுபவம் எதையும் உண்மை போலவே தரும் இயந்திரம் ஒன்று இருந்தால், வாழ்நாள் முழுவதும் அதில் படுத்துக்கொள்வீர்களா? இதை நான் பந்தியில் கேட்டபோதெல்லாம் பெரும்பாலோர் மறுத்தார்கள். ஓர் ஆச்சி மட்டும், 'இடைப்பலகாரத்துக்கு எழுந்து வரலாம் என்றால் படுக்கிறேன்' என்றார். நோசிக் எதிர்பார்த்திராத விடை அது; உண்மையான பணியாரத்தை அந்த ஆச்சி இயந்திரத்திடம் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வள்ளுவர் இன்பத்தை ஏற்றாரா, விலக்கினாரா?

250 குறட்பாக்களைக் காமத்துப்பாலுக்குக் கொடுத்தவரை விலக்கியவர் என்று சொல்ல முடியாது. அவர் துன்பம் என்று சுட்டியது அவாவையே: 'இன்பம் இடையறாது ஈண்டும் அவாவென்னும் துன்பத்துள் துன்பங் கெடின்.' அவா ஒழிந்தால் இன்பமும் ஒழியும் என்று எதிர்பார்க்கும் நமக்கு, இன்பம் இடைவிடாமல் வந்து சேரும் என்கிறார். வேண்டுவதும் துய்ப்பதும் இரண்டு என்று கண்டிருந்தால்தான் இப்படி எழுத முடியும்.

அதற்காக டோபமைனை வள்ளுவர் அன்றே கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். ஆய்வுக்கூடத்தில் எலியை வைத்துக் கண்டது வேறு வகை அறிவு. தன் மனத்தையும் பிறர் வாழ்வையும் கவனித்துக் கண்டது வேறு வகை அறிவு. இரண்டும் ஓரிடத்தில் சந்திப்பது நமக்கு வியப்பூட்டலாம். ஒன்றின் பெருமைக்கு மற்றதைச் சாட்சியாக இழுக்க வேண்டியதில்லை.

இன்பத்தைப் பற்றி நம் வட்டாரத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா?

சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் ஊர் இன்றைய மகிபாலன்பட்டி என்று கொள்ளப்படுகிறது. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர்ப் பக்கம் உள்ளது. அவருடைய புறநானூற்றுப் பாட்டின் முதல் அடி சுவரெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் அடிகளைப் படிப்பவர் குறைவு: 'வாழ்தல் இனிதென மகிழ்ந்தன்றும் இலமே, முனிவின் இன்னாது என்றலும் இலமே.' வாழ்வு இனிது என்று துள்ளவும் இல்லை, வெறுத்துக் கொடிது என்று சொல்லவும் இல்லை. இது இன்ப மறுப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். நான் அப்படிப் படிப்பதில்லை. 'இனிது', 'இன்னாது' என்ற இரண்டையும் உணர்ந்தவர்தான் அவற்றின் பேரில் மொத்தத் தீர்ப்பு எழுத மறுக்க முடியும்.

கொஞ்சம் வடக்கே, புதுக்கோட்டை வட்டாரத்துச் சித்தன்னவாசலில், சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் ஒரு பக்கம் இருக்க, அதே குன்றின் குடைவரையில் 9ஆம் நூற்றாண்டின் தாமரைக் குளமும் மீன்களும் ஆடல் மகளிரும் தீட்டப்பட்டிருக்கின்றன. துறவுக்கும் கண்ணின் இன்பத்துக்கும் இடையே அங்கே வாசல் எதுவும் சாத்தப்படவில்லை.

கொடுப்பதிலும் இன்பம் உண்டா?

உண்டு. 2008இல் எலிசபெத் டன் குழுவினர் சிலருக்குக் காலையில் ஐந்து அல்லது இருபது டாலர் கொடுத்து, தமக்காகவோ பிறருக்காகவோ மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். பிறருக்குச் செலவிட்டவர்களே அதிக மகிழ்ச்சி தெரிவித்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பதால் வேறுபாடு இல்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எதிலுமே இன்பம் தோன்றவில்லை என்றால்?

அதைத் தத்துவக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பு பிடித்த உணவு, பாட்டு, பேரப்பிள்ளை எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் சுவை தட்டாமல் இருந்தால், அது மனச்சோர்வு நோயின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. மருத்துவம் உண்டு, மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'கோயிலுக்குப் போய்விட்டு வா, சரியாகிவிடும்' என்று வீட்டில் சொன்னால், போய்விட்டு வந்து மருத்துவரையும் பாருங்கள்.

பழகிப்போன இன்பத்தை மீண்டும் புதிதாக்க வழி உண்டா?

இடைவெளி ஒரு வழி. லீஃப் நெல்சன், டாம் மேவிஸ் ஆகிய இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பிடித்துவிடும் இன்பத்தை நடுவில் நிறுத்தித் தொடர்ந்தபோது அது இன்னும் இனித்தது. நிறுத்தினால் கெட்டுப்போகும் என்றே பெரும்பாலோர் முன்கூட்டி நினைத்திருந்தார்கள். செட்டிநாட்டு இனிப்பான கும்மாயத்தை இப்போது பொட்டலமாக எந்த நாளிலும் வாங்கலாம். என் வீட்டில் அதை ஆடிக்கு முன் கிண்டுவதில்லை என்று வைத்திருக்கிறோம். ஆனியிலேயே பிள்ளைகள் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.